கோட்டின் மேல் நிற்கும் புள்ளடி

மகனே,

நாங்கள் எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இந்த முறை அது என்னால் முடியவில்லை. நாவற்குடாவில் உன் மனைவி பூரணம் உயிரோடு இருக்கிறாள், நான் உயிரோடு இருக்கிறேன், உன் அம்மா என்னோடு பேசாமல் இருக்கிறாள். சுகம் என்று சொல்லக்கூடியது இவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியலில் பூரணத்தை அவளுடைய தாய் கூண்டு வண்டியில் ஏற்றி வாகரைக்குக் கொண்டுபோகப் போகிறாள். அதற்கு முன் நீ இங்கே வந்து சேர வேண்டும். இந்தக் கடிதத்தில் இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. மீதி எல்லாம் உன்னை ரயில் ஏற வைக்க நான் படுகிற பாடு.

நீ கொழும்பிலிருந்து போட்ட கடுதாசி நேற்று வந்தது. ‘அப்பா, நீங்களும் லொஜிக் படித்தவர், ஆகையால் வளைத்துப் பேசத் தேவையில்லை’ என்று தொடங்கி மூன்று வரி எழுதியிருக்கிறாய். பெருவியாதி உள்ளவர்களுக்கு உடம்பில் வெளிறிய படை இருக்கும். பூரணத்தின் முதுகில் வெளிறிய படை இருக்கிறது. ஆகவே பூரணத்துக்குப் பெருவியாதி. கீழே ஒரு கோடும் இழுத்திருக்கிறாய், அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்பது போல. கலியாணப் பந்தலின் கிடுகு இன்னும் அவள் வீட்டு வளவில்தான் கிடக்கிறது, அதற்குள் மனைவியை மூன்று வரியில் முடித்துவிட்டாய். சந்தையில் மீன் வாங்குகிறவன்கூடச் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் முடிவு சொல்லமாட்டான்.

லொஜிக் படித்தவர் என்று நீ என்னைச் சொன்னது மரியாதையா கிண்டலா தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே வருஷம் லண்டன் மெற்றிக்குலேஷன் பரீட்சைக்குத் தோற்றினோம். எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, உனக்கு மீசை அரும்பவில்லை. அந்தப் பரீட்சையில் தேறினால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகலாம் என்று எனக்கு ஓர் ஆசை. இருவருக்கும் சேர்த்து ஒரே புத்தகம். நீ ஒரு பக்கம் படிப்பாய், நான் எதிரே இருந்து தலைகீழாகப் படிப்பேன். முற்றத்து மணலில் ஈர்க்கிலால் வட்டம் வட்டமாகப் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டி, உன் அம்மா கூட்டிப் பெருக்கிய முற்றத்தை எல்லாம் பாழாக்கினோம்.

ஒருநாள் நீ சத்தமாக ஒரு கணக்குச் சொன்னாய். எல்லா விராலும் மீன், சட்டியில் கிடப்பதும் மீன், ஆகவே சட்டியில் கிடப்பது விரால். இதில் பிழை என்ன என்று என்னைக் கேட்டாய். நான் யோசிப்பதற்குள் அடுப்படியிலிருந்து உன் அம்மா பதில் சொன்னாள்: “சந்தையில அப்பிடித்தான் சொல்லி விக்கிறானுகள். வீட்ட வந்து பாத்தா கெளிறு.” நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அந்தக் கணக்கில் விராலை எடுத்துவிட்டுப் பெருவியாதியைப் போட்டுப் பார். மீனை எடுத்துவிட்டு வெளிறிய படையைப் போட்டுப் பார். சட்டியில் கிடப்பது யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். உடம்பில் படை உள்ளவர்களுக்கெல்லாம் ஒரு பெரிய வட்டம் போடு. பெருவியாதிக்காரருக்கு ஒரு சின்ன வட்டம் போடு. உன் முதல் வரி சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் சின்ன வட்டம் முழுவதும் பெரிய வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதற்காகப் பெரிய வட்டத்தில் வேறு ஆட்களே இல்லை என்று ஆகிவிடுமா? பூச்சி வயிற்றுப் பிள்ளைகளின் கன்னத்தில் வருகிற படை அங்கே இருக்கிறது. வயல் வட்டையில் வெயிலில் நின்று நெற்சூடு மிதிக்கிற ஆட்களின் கழுத்தில் வருகிற தேமல் அங்கே இருக்கிறது. என் பள்ளிக்கூடத்தில் தேமல் இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாம் பரீட்சைக்குப் போன வருஷம் என் தோளில் வந்ததற்கு நீதான் வெங்காரம் தடவிவிட்டாய். அன்று என்னைப் பெருவியாதிக்காரரின் தீவுக்கு அனுப்ப வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை.

சோற்றுப் பானையை அவள் வெறுங்கையால் இறக்கினாள், சுடவில்லை என்றாள், ஆகையால் உணர்ச்சி இல்லை என்று கடுதாசியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். மூன்று வரி போதவில்லை என்று உனக்கே தெரிந்திருக்கிறது. அரசாங்கக் கச்சேரிச் சுவரில் ஒட்டியிருக்கிற குஷ்டரோக அறிவித்தலை நானும் போய் வாசித்தேன். படை உள்ள இடத்தில் உணர்ச்சி இருக்காது என்றுதான் அதில் இருக்கிறது. படை முதுகில். பானையைப் பிடித்தது கையால். சிறு வயது முதல் உலக்கை பிடித்துக் காய்த்துப்போன கை அது. உன் அம்மாவும் பானையைத் துணி இல்லாமல்தான் இறக்குகிறாள். முதுகில் ஓர் அடையாளத்தையும் கையில் ஓர் அடையாளத்தையும் எடுத்து ஒன்றாக ஒட்டி ஒரு நோயைச் செய்திருக்கிறாய். அந்தப் படை உள்ள இடத்தில் ஒரு கோழி இறகால் தொட்டு, தெரிகிறதா புள்ள என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்கவில்லை என்று பூரணம் சொன்னாள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, ஆகவே அவளுக்கு நோய் இல்லை என்று எழுதத்தான் எனக்குக் கை துடிக்கிறது. நேற்று முழுவதும் தாளில் வட்டம் போட்டு, பூரணத்துக்கான புள்ளடியை, அந்தப் பெருக்கல் குறியை, சின்ன வட்டத்துக்கு வெளியே போட்டுவிடப் பேனையைத் தூக்கித் தூக்கி வைத்தேன். போட முடியவில்லை. இந்த இடத்தில்தான் நான் பரீட்சையில் தவறினேன். ஆள் இல்லாத இடத்தை நிழலிட்டு அடைக்க வேண்டும், ஆள் இருக்கிற இடத்தில் புள்ளடி போட வேண்டும், எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் புள்ளடியை வட்டத்துக் கோட்டின் மேலேயே நிறுத்திவிட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. கோட்டின் மேல் நிறுத்துவது எனக்குப் பிடிப்பதே இல்லை. அது பதில் தெரியாத பிள்ளை விழிப்பதுபோல எனக்குப் பட்டது. பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொரு கணக்கிலும் ஏதாவது ஒரு பக்கம் தள்ளித் தள்ளிப் போட்டேன். நீ தேறினாய், நான் தவறினேன். திரும்பி வரும்போது ரயிலில் நீ என்னைத் தேற்றினாய்: “அப்பா, தெரியா எண்டு எழுதுறதும் ஒரு விடைதான்.” அந்த வயதில் உனக்கு அவ்வளவு அறிவு இருந்தது.

இன்று நீ செய்திருப்பது நான் செய்த அதே வேலை. தெரியாமல் இருக்கிற வேதனையைத் தாங்க முடியாமல், பயத்தில், புள்ளடியை உள்ளே தள்ளிவிட்டாய். நான் ஆசையில் வெளியே தள்ளப் பார்க்கிறேன். இரண்டும் பிழை, மகனே. பூரணம் கோட்டின் மேல்தான் நிற்கிறாள். அவளை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ இறக்கிவிடக்கூடியவர் ஆஸ்பத்திரி டாக்குத்தர் ஒருவர்தான். பாலத்தைக் கடந்தால் ஆஸ்பத்திரி. இவ்வளவு கிட்ட இருந்தும் அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க என்னால் முடியவில்லை என்பதுதான் என்னைப் பைத்தியம் பிடிக்க வைக்கிறது.

ஏன் முடியவில்லை என்று கேட்பாய். நீ பெட்டியோடு போனதுதான் காரணம். நம் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடித்தவன் ஒரு பெட்டியோடு போய் அந்த வீட்டில் சேருகிறான். நானும் அப்படித்தான் வந்தேன், நான் இருப்பது உன் அம்மாவின் வீடு. வயலுக்கோ கச்சேரிக்கோ கொழும்புக்கோ போகிற ஆண் ஒரு பையோடு போவான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டினால் அந்த வீட்டில் அவன் உறவு அறுந்தது என்று ஊர் எடுத்துக்கொள்ளும். நீ அவசரத்தில் மாற்றுத் துணிக்காகத்தான் அதைத் தூக்கினாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில், கோயிலுக்குப் போகிற சனத்தின் நடுவே, அந்தத் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு முழுவதும் நடந்து ஸ்ரேஷனுக்குப் போனாய்.

பிறகு ஊரும் லொஜிக் படிக்கத் தொடங்கிவிட்டது. பெண்சாதிக்குத் தீராத வருத்தம் என்றால் புருஷன் பெட்டியோடு போவான். இவன் பெட்டியோடு போனான். ஆகவே அவளுக்குத் தீராத வருத்தம். உன் மூன்று வரியைப் பார்க்காமலே உன்னைப் போலவே கணக்குப் போட்டார்கள். உன் மாமன், அம்மாவின் தம்பி, ஒரு முறை பெட்டியோடு இறங்கிப் போனது கறியில் உப்பு இல்லை என்று. அறுவடைக்குத் திரும்பி வந்துவிட்டார். அதை ஒருவரும் நினைக்கவில்லை. தண்ணீர் அள்ள வந்த பெண்கள் பூரணத்தின் கிணற்றுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஊருக்குப் பொறுப்பான விதானையார் காதுக்கும் போயிருக்கிறது. அவர் என் கூட்டாளி, இந்தக் கிழமை காது கேட்காத மாதிரி இருக்கிறேன், அதற்கு மேல் மேலிடத்துக்கு எழுதாமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

அதுதான் அவள் தாயைப் பிடித்து ஆட்டுகிறது. பெருவியாதிக்காரரை அரசாங்கம் கொண்டுபோய் வைக்கிற, வாவிக்கு நடுவே இருக்கிற தீவு ஆஸ்பத்திரியை நினைத்து அந்த மனுஷி நடுங்குகிறாள். அங்கே மருந்து கொடுக்கிறார்கள், சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. மாங்கேணிக்கு அப்பால் வாகரையில் அவளுடைய தமக்கை வீடு இருக்கிறது, பக்கத்தில் வேறு வீடு இல்லை, அங்கே கொண்டுபோய் ஒளித்துவிட்டால் ஒருவரும் தேடமாட்டார்கள் என்கிறாள். நான் கூட்டிக்கொண்டுபோய் டாக்குத்தரிடம் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். அவள் என்னைக் கோபிக்கவில்லை. “கட்டினவன் உட்டுட்டுப் போன புள்ளய மாமன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா, ஊர் மறுகா ஒண்டும் கேக்கத் தேவயில்ல” என்றாள். அது உண்மை. நான் கூட்டிப்போனால் அது கைவிட்டவளை ஒப்படைக்கப் போவது. நீ கூட்டிப்போனால் அது ஒருவன் தன் மனைவிக்கு மருந்து எடுக்கப் போவது. ஒரே பாலம், ஒரே ஆஸ்பத்திரிதான்.

வாகரைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாயா? நோய் இல்லாவிட்டாலும் அவள் ஆயுள் முழுவதும் நோயாளி. இல்லை என்று சொல்ல டாக்குத்தர் இருக்கமாட்டார். நோய் இருந்தால் மருந்து இல்லாமல் அந்தக் குடிசைக்குள் கிடந்து கரைவாள். எந்தப் பக்கம் புள்ளடி விழுந்தாலும் அவள் தொலைந்தாள்.

தந்தி அடிக்கத் தபால் கந்தோருக்குப் போனேன். விஷயத்தை எழுதினால் பொழுது சாயுமுன் ஊரெல்லாம் வாசித்துவிடும். உடனே வா என்று மட்டும் அடித்தால் நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உன் அம்மா பார்த்துவிட்டாள். நீ வரக்கூடாது என்பது அவளுடைய பிடிவாதம். “அவன் அங்கயே இரிக்கட்டும். வட்டத்தப் போட்டுக் காட்டி என்ட புள்ளய நெருப்புக்குள்ள தள்ளப் பாக்கிறீங்களா?” என்று பேனையைப் பறித்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. உனக்கு அம்மாள் வருத்தம் வந்த காலத்தை நினைவுபடுத்தினேன். உடம்பெல்லாம் முத்துப் போட்டு, வாழையிலையில் நீ கிடந்தாய். பக்கத்து வளவார் எல்லோரும் பிள்ளைகளைக் கொண்டு தூரத்துக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் உன்னோடு உள்ளே இருந்து, வேப்பிலையால் தடவி, அதே பாயில் படுத்தாள். தொற்றும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவன் நான் பெத்த புள்ள என்று இப்போது பதில் சொன்னாள். பூரணத்தையும் ஒருத்தி பெற்றுத்தான் இருக்கிறாள் என்றேன். அப்போது நிறுத்திய பேச்சைத்தான் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நீ எழுதாமல் விட்ட ஒரு வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்குப் பெருவியாதி என்று முடித்த கையோடு பெட்டியைத் தூக்கினாய். அந்த இரண்டுக்கும் நடுவே, நோய் வந்த மனைவியை விட்டுவிட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் உனக்கே வாசிக்க வெட்கமாக இருந்திருக்கும். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? டாக்குத்தர் பார்த்து, ஓம், இது அந்த நோய்தான் என்று சொன்னாலும் அவள் இன்னொரு வட்டத்துக்குள் போகிறாள், அவ்வளவுதான். உன் மனைவி என்கிற வட்டத்தை விட்டு வெளியே விழுந்துவிடமாட்டாள். ஒரே ஆள் இரண்டு வட்டத்திலும் நிற்கலாம் என்பதைத்தானே அந்த மணலில் முழு வருஷமும் வரைந்தோம். உன்னைத் தீவுக்குப் போய் அவளோடு இரு என்று நான் சொல்லவில்லை. படகுத்துறை வரைக்கும் யார் போவது, கிழமைக்கு ஒரு தரம் யார் போய்ப் பார்ப்பது, அவள் வீட்டுக் கிணற்றில் யார் முதலில் தண்ணீர் அள்ளிக் குடித்துக் காட்டுவது என்றுதான் கேட்கிறேன். நீ வரும்வரைக்கும் அங்கே நான் குடிக்கிறேன். தினமும் காலையில் போய், தெருவில் போகிறவர்கள் பார்க்க, அள்ளிக் குடித்துவிட்டு வருகிறேன். கிழவனுக்கு என்ன பைத்தியம் என்கிறார்கள்.

இன்று காலையும் போனேன். வண்டிக்கு ஆள் பேசிவிட்டதாக அவள் தாய் சொன்னாள். பூரணம் கதவுக்குப் பின்னால் நின்றாள், முன்னைப் போல வெளியே வந்து, வாங்க மாமா என்று சொல்வதில்லை. அவன் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவாயா புள்ள என்று கேட்டேன். அவர் வந்தா போவன் என்றாள். வராவிட்டால்? அவர் படித்தவர், யோசிக்காமல் சொல்லியிருக்கமாட்டார் என்றாள். இந்தப் பெண் உன் மூன்று வரியை அப்படியே நம்புகிறாள், மகனே. அதில் பிழை இருக்கிறது என்று அரை மணிநேரம் அவளுக்குச் சொன்னேன், கேட்டுக்கொண்டு நின்றாள். உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லி எழும்பியபோதுதான் அவளாக வாயைத் திறந்தாள். நான் இவ்வளவு தாளை நிரப்பியும் எனக்குத் தோன்றாத ஒன்றைச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“மாமா, எழுதுறதெண்டா இதையும் எழுதுங்க. இது அந்த வருத்தந்தானெண்டா அவருக்கும் தொத்தியிரிக்கும். போறதுக்கு முதல் நாள் குளிச்சிட்டு வந்த நேரம் அவருட முதுகப் பாத்தன், ஒண்டுமில்ல. மறுகா வந்திரிந்தா எனக்குத் தெரியா. முதுகத் தன்னால பாக்க ஏலாது. அங்க ஆரிட்டயாவது காட்டச் சொல்லுங்க.”

கொழும்பில் உன் முதுகைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

உன் அப்பா